கூலன்ட்டுக்குள் கோர் மணல்

வால்பாறை மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இருபதைத் தாண்டியபோது நண்பரின் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. வாங்கிப் பதினான்கு மாதமே ஆன வண்டி. ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து, மெதுவாக இறங்கி ஆழியாறு வந்து சேர்ந்தோம். கூலன்ட் அளவு குறையவில்லை. ஃபேன் ஓடுகிறது. ஹோஸ் எதிலும் கசிவில்லை. பெல்ட்டும் சரியாகத்தான் இருக்கிறது. புது வண்டிக்கு என்ன கேடு வந்தது என்று எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை.

பொள்ளாச்சியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினோம். அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் உடனே எதையும் கழற்றவில்லை. "முதல்ல ஆறட்டுங்க, போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார். திரும்பி வந்ததும் ரேடியேட்டரின் அடித் திருகைத் தளர்த்தி, ஒரு லிட்டர் அளவுக்குக் கூலன்ட்டை வெள்ளை பிளாஸ்டிக் மக்கில் பிடித்தார். அதைப் பெஞ்சின் மேல் அசையாமல் வைத்துவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். கால் மணி நேரத்தில் மக்கின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு இறங்கியிருந்தது. மேல் நீரை மெல்ல வடித்துவிட்டு, அந்தப் படிவை ஆள்காட்டி விரலில் எடுத்துக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். காதருகே கொண்டுபோய்க் கேட்டார். எங்கள் விரலிலும் கொஞ்சம் வைத்தார். நறநறவென்றது.

"துரு இல்லீங்க. துருவா இருந்தா மாவாட்டம் வழுக்கும். இது கோர் மணலுங்க. நான் பன்னெண்டு வருசம் கோயமுத்தூர்ல ஃபவுண்டரில இருந்தவன். ராத்திரி வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊத்துனா இதுதான் கொட்டும்" என்றார்.

என்ஜின் பிறந்த உலைக்களத்தின் மணல், பதினான்கு மாதம் கழித்து, மலையேறும்போது வெளியே வந்திருக்கிறது. அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஃபவுண்டரியைப் பார்த்திராதவர்களுக்குக் கோர் என்றால் என்னவென்று சொல்லவேண்டும். என்ஜின் பிளாக் வெளியிலிருந்து பார்க்கக் கனத்த உலோகக் கட்டி. உள்ளேயோ சிலிண்டர்களைச் சுற்றியும் வால்வுகளுக்கு இடையிலும் கூலன்ட் ஓடுவதற்கென்று வளைந்து நெளிந்த அறைகள் உண்டு. இப்படிப்பட்ட குகைகளை எந்த டிரில்லாலும் குடைந்து எடுக்க முடியாது. ஆகவே குகையை முதலில் மணலில் செய்கிறார்கள். நுண்ணிய சிலிக்கா மணலோடு பிசினைக் கலந்து, பெட்டி அச்சில் அடைத்து, இறுக வைத்தால் அச்சுவெல்லம்போல் கெட்டியான ஒரு மணற்பொம்மை கிடைக்கும். அதுதான் கோர். எங்கெல்லாம் வெற்றிடம் வேண்டுமோ அங்கெல்லாம் இந்தப் பொம்மை நிற்கும். அதைச் சுற்றி உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். அலுமினியம் என்றால் ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ், வார்ப்பிரும்பு என்றால் 1,400 டிகிரி. அந்தச் சூட்டில் பிசின் எரிந்துபோகும், மணலின் பிடிப்பு தளரும். உலோகம் ஆறியபின் தட்டி, உலுக்கி, மணலை வெளியே கொட்டுவார்கள்.

எந்த வழியாகக் கொட்டுவார்கள்? பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாக, பெரிய நாணயம் பதித்ததுபோல் தகட்டு மூடிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடுங்குளிரில் உள்ளே நீர் உறைந்து விரிந்தால் பிளாக் வெடிக்காமல் இந்த மூடி கழன்று காப்பாற்றும், அதற்காகவே வைத்தது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அவை கோர் துளைகள். வார்க்கும்போது மணற்பொம்மையைத் தாங்கிப் பிடிக்கவும், வார்த்தபின் மணலை வெளியேற்றவும் விட்ட வாசல்கள். வேலை முடிந்ததும் மூடி அடைத்துவிடுகிறார்கள். இப்படி வார்த்த ஒவ்வொரு என்ஜினும் தான் மணலிலிருந்து வந்ததை இந்த மூடிகளில் எழுதிவைத்திருக்கிறது.

உலுக்கியபின் ஷாட் பிளாஸ்ட் செய்து, கழுவி, சோதித்துத்தான் பிளாக் அடுத்த பிரிவுக்குப் போகும். வாகன உதிரிபாகங்களின் சுத்தத்தை எப்படி அளப்பது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 16232 என்று தனித் தரநிலையே இருக்கிறது. பாகத்தைக் கழுவி, கழுவிய நீரை வடிகட்டி, வடிகட்டியில் தங்கிய துகளை மில்லிகிராமில் எடைபோடுகிறார்கள். இவ்வளவு செய்தும், உருகிய உலோகம் மணல்மணிகளுக்கிடையே புகுந்து இறுகிய இடங்களில் கொஞ்சம் மணல் ஒட்டிக்கொண்டே இருந்துவிடும். பிறந்த குழந்தையின் மடிப்புகளில் எஞ்சியிருக்கும் வெண்மாவைப்போல. ஆலையில் தட்டியபோது விழாத அது, வண்டி ஓடத் தொடங்கி, சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அதிர்ந்து அதிர்ந்து, மாதங்கள் போனபின் உதிர்கிறது. பழைய வண்டியின் கூலன்ட்டில் துருவும் சுண்ணாம்பும் வரும்; அது வயதின் அழுக்கு. புது வண்டியில் வருவது பிறப்பின் அழுக்கு. மணல், கடைசலில் தெறித்த உலோகச் சுருள், பாகங்களைச் சேர்க்கும்போது பிதுங்கிய சீலன்ட்டின் ரப்பர் நூல், அலுமினிய ரேடியேட்டரைப் பற்றவைத்த ஃபிளக்ஸின் வெள்ளைப் படிவு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

ஒரு சிட்டிகை மணலுக்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். கூலன்ட் செய்யும் வேலையைப் பார்த்தால் கேள்வி மாறிவிடும். எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போகிறது. மிச்சமுள்ள பங்கைக் கூலன்ட்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். எரியும் வாயுவின் உச்ச வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது சில மில்லிமீட்டர் உலோகமும் அதன் மறுபக்கத்தில் ஓடும் நீரும்தான். அந்த நீர் கொதிக்காமலிருக்க அதில் எத்திலீன் கிளைக்கால் கலக்கிறார்கள். ரேடியேட்டர் மூடியோ, சில வண்டிகளில் ரிசர்வாயர் மூடியோ, உள்ளே காற்றழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து கொதிநிலையை 125 டிகிரிக்கு மேல் தள்ளிவைக்கின்றன. சூடான என்ஜினில் மூடியைத் திறக்காதே என்று சொல்வதன் காரணமும் இதுவே. திறந்த கணத்தில் அழுத்தம் போய், 100 டிகிரிக்கு மேலிருக்கும் திரவம் முகத்தை நோக்கிப் பொங்கும்.

இவ்வளவு வெப்பத்தைக் காற்றுக்குக் கைமாற்ற நிறையப் பரப்பு வேண்டும். நிறையப் பரப்பு வேண்டுமென்றால் வழிகள் மெல்லியவையாக இருக்க வேண்டும். 1901-இல் மெர்சிடிஸ் 35 எச்.பி. காருக்கு வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 6 மி.மீ. சதுரக் காற்றுக்குழல்கள் 8,070 இருந்தன. அவற்றின் இடுக்குகளில் நீர் ஓடியது. அன்று தொடங்கிய பாதையில்தான் இன்றும் போகிறோம். இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் தட்டைக் குழாய்களுக்குள் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான். கேபின் ஹீட்டரின் குழாய்கள் அதைவிட மெல்லியவை. இதற்குமேல் இப்போது டர்போவுக்கு ஒரு கிளை, ஆயிலைக் குளிர்விக்க ஒரு கிளை, டீசலில் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலருக்கு ஒரு கிளை. புது வண்டியில் நீர் குறைவு, வழிகள் அதிகம், ஒவ்வொன்றும் ஒடுக்கம்.

ஒடுக்கமான வழி அடைபடுவதில் ஒரு கொடுமையான கணிதம் இருக்கிறது. மெல்லிய இடுக்கில் சீராக ஓடும் திரவத்தின் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறும். இடைவெளி பாதியானால் ஓட்டம் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். ஆனாலும் முதலில் எதுவும் தெரியாது. ரேடியேட்டரில் பல குழாய்கள் இணையாக நிற்கின்றன; பத்து அடைந்தால் மிச்சமுள்ளவை சுமையை ஏற்கும். சமவெளியில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்றும் தாராளமாக அடிப்பதால் முள் நகராது. மலையேற்றத்தில்தான் குட்டு வெளிப்படும்: என்ஜின் முழு பலத்தோடு உழைக்கும், வண்டி நடைவேகத்தில் ஊரும், காற்று குறையும். எங்கள் வண்டி பதினான்கு மாதம் கோவைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. அன்றுதான் முதல் மலை.

மணல் அடைப்பதோடு நிற்பதில்லை, அறுக்கவும் செய்யும். சிலிக்கா மணல் கண்ணாடியையே கீறும் கடினம் கொண்டது. வாட்டர் பம்பில் இரண்டு வட்டப் பரப்புகள் ஒன்றையொன்று உரசிச் சுழன்று நீரை வெளியே விடாமல் காக்கின்றன. அவற்றுக்கு நடுவே கூலன்ட்டின் மெல்லிய படலமே உயவு. சிறு காரில் மொத்தக் கூலன்ட் 5, 6 லிட்டர்தான் இருக்கும். பம்ப் நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தக் கூலன்ட்டும் நிமிடத்துக்குப் பத்துமுறை சுற்றி வரும். எங்கும் தங்காத ஒரு மணல்மணி பம்பை ஒரு மணி நேரத்தில் 600 தடவை கடக்கும். பம்ப் அடியிலுள்ள சின்னத் துளையில் கூலன்ட் கசிந்தால் பம்ப் போய்விட்டது என்று மாற்றுகிறோம். எதனால் போனது என்று கேட்காமல் புதிதை மாட்டினால் அதுவும் சீக்கிரமே போகும்.

மணலின் கதைக்கு ஊரறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. 2003-லிருந்து 2007 வரை ஃபோர்டின் பெரிய பிக்கப் லாரிகளில் வந்த 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசல் என்ஜின், நேவிஸ்டார் நிறுவனம் செய்துகொடுத்தது. அதில் ஆயில் கூலர் என்ஜினின் நடுப்பள்ளத்தில், மெல்லிய தகடுகளின் அடுக்காக உட்கார்ந்திருக்கும். வார்ப்பு மணலும் கூலன்ட்டிலிருந்து பிரிந்த சிலிகேட் கூழும் சேர்ந்து அந்தத் தகடுகளை அடைத்தன. ஆயில் கூலரைக் கடந்த நீர்தான் அடுத்து ஈ.ஜி.ஆர். கூலருக்குப் போகவேண்டும். இங்கே அடைத்தால் அங்கே நீர் வரத்துக் குறையும், புகையின் சூட்டில் மிச்ச நீர் ஆவியாகும், ஈ.ஜி.ஆர். கூலர் வெடிப்பு விடும். வெளியே தெரிந்தது உடைந்த ஈ.ஜி.ஆர். கூலர்; நோய் இருந்தது வேறிடத்தில். அந்த என்ஜினோடு பழகியவர்கள் ஒரு எளிய சோதனையைக் கையில் வைத்திருக்கிறார்கள். நன்றாகச் சூடேறி நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது ஆயிலின் வெப்பத்தையும் கூலன்ட்டின் வெப்பத்தையும் ஒப்பிடுவார்கள். வித்தியாசம் சுமார் 8 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கூலர் அடைபடத் தொடங்கிவிட்டது என்று முடிவுசெய்வார்கள். அந்த வண்டிக்காரர்களில் பலர் தனியாகக் கூலன்ட் ஃபில்டர் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். கனரக லாரி என்ஜின்கள் பலவற்றில் கூலன்ட் ஃபில்டர் என்றோ வந்துவிட்டது. கார்களில் ஆயிலுக்கு ஃபில்டர் உண்டு, காற்றுக்கு உண்டு, பெட்ரோலுக்கு உண்டு. கூலன்ட்டுக்கு மட்டும் பெரும்பாலும் கிடையாது. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

கூலன்ட்டில் மிதப்பதெல்லாம் மணலும் அல்ல. இங்கேதான் அவசரம் கூடாது. என்ன அழுக்கு என்று தெரியாமல் கழுவ இறங்கினால் தடயத்தையும் சேர்த்துக் கழுவிவிடுவோம். பொள்ளாச்சி அண்ணன் செய்ததைப்போல் மக்கில் படியவிடுவதே முதல் பாடம். படிந்ததை வெள்ளைப் பீங்கான் தட்டில் உலர்த்துங்கள். தட்டின் அடியில் ஸ்பீக்கர் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். கூடவே நகர்ந்தால் இரும்புச் சீவலோ கறுப்பு இரும்பு ஆக்சைடோ இருக்கிறது. செந்துரு காந்தத்துக்கு அவ்வளவாக மசியாது. அதைச் செங்கல்பொடி நிறத்தாலும் மாவுபோன்ற வழுவழுப்பாலும் அடையாளம் காணலாம். செந்துரு இருந்தால் உள்ளே எங்கோ காற்று புகுகிறது. நகராத துகள்மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காமல், இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கிடையே வைத்துத் தேய்த்தால் கீறல் விழுந்தால் மணல். பளபளத்து, நகத்தால் அழுத்தினால் நசுங்கும் மெல்லிய சீவல் அலுமினியம். பச்சையோ வெள்ளையோ கூழாக, கஞ்சி ஆடைபோல் இருந்தால் அது கூலன்ட்டின் மருந்தே பிரிந்து இறங்கியது. பழுப்பாக, பாலேடுபோல் மிதந்தால் ஆயில் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டையோ ஆயில் கூலரையோ சந்தேகிக்க வேண்டும். அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக்கூடாது.

கூழைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூலன்ட் என்பது நிறம் போட்ட தண்ணீர் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறைய. ஊட்டியைத் தவிர நம்மூரில் எதுவும் உறைவதில்லை, பிறகு எதற்கு இது என்றும் கேட்கிறார்கள். கொதிநிலையை உயர்த்துவது ஒரு வேலை. அதைவிட முக்கியமானது அதில் கரைந்திருக்கும் அரிப்புத் தடுப்பிகள். சில வகையில் சிலிகேட், சில வகையில் பாஸ்பேட், சில வகையில் கரிம அமிலங்களின் உப்பு. சிலிகேட் அலுமினியத்தின்மேல் படலமாகப் படிந்து காக்கும். ஆனால் கூலன்ட்டின் காரத்தன்மை குறைந்தாலோ, ஒவ்வாத வேறு கூலன்ட் கலந்தாலோ, கரைசலிலிருந்து பிரிந்து கூழாகிவிடும். கூலன்ட் நிறங்களுக்கு உலகப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொன்றின் பச்சையும் வெவ்வேறு வகையாக இருக்கலாம். நிறம் பார்த்து டாப்-அப் செய்வது கண்ணை மூடிக்கொண்டு மருந்து கலப்பதற்குச் சமம். வண்டியின் கையேட்டில் என்ன தரக்குறியீடு போட்டிருக்கிறதோ அதையே வாங்க வேண்டும்.

காக்க வைத்ததே குப்பையான கதையும் உண்டு. சிலிகேட் தீரத் தீர ஈடுகட்டுவதற்காக, ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பல வண்டிகளில் கூலன்ட் ரிசர்வாயருக்குள் சிலிக்கா ஜெல் அடைத்த ஒரு சிறு பை வைத்திருக்கிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் சில வண்டிகளில் அந்தப் பை நாளடைவில் கிழிந்து, உள்ளிருந்த மணிகள் கூலன்ட்டோடு கலந்து, ஹீட்டரையும் ரேடியேட்டரையும் அடைத்துவிடுகின்றன. கூலன்ட்டில் ஜவ்வரிசிபோல் தெளிந்த சிறு மணிகள் தெரிந்தால் முதலில் ரிசர்வாயரைத்தான் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பு நமது ஊரின் சொந்தப் பிரச்சினை. இந்தியக் குடிநீர்த் தரநிலையில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம். நம் போர் தண்ணீர் பல இடங்களில் இந்த எல்லைகளுக்குள் நிற்பதில்லை. 300 என்றே வைத்துக் கணக்குப் போடுவோம். கசியும் ரேடியேட்டருக்கு வாரம் ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் ஆண்டுக்கு 15 கிராம் சுண்ணாம்பு உள்ளே போகிறது. அது ஒரு ஏ4 தாள் அளவுப் பரப்பில் ஏறத்தாழ 0.1 மி.மீ. கனத்துக்குப் பூசப் போதுமானது. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டோ நேர்மாறு, சூடேற ஏறக் கரைதிறன் குறையும். அதனால் என்ஜினில் எந்த இடம் மிகச் சூடோ அங்கேதான் போய்ப் படியும். வெப்பம் கடத்துவதில் சுண்ணாம்பு அலுமினியத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மட்டம். 0.1 மி.மீ. சுண்ணாம்பு படிந்தால், அந்த இடத்தில் ஒரு சென்டிமீட்டர் அலுமினியம் கூடுதலாக வைத்ததுபோல் வெப்பம் தடைபடும். பாஸ்பேட் கலந்த கூலன்ட்டில் போர் தண்ணீர் சேர்ந்தால் கால்சியம் பாஸ்பேட்டும் கூடவே இறங்கும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் வாங்க ஆகும் செலவு, ஒரு ஹெட் வேலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

இந்த அடைப்பை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஒரு பாகம் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. நாம்தான் அதைத் தொடுவதில்லை. ஹீட்டர். குளிர்நாடுகளில் ரேடியேட்டருக்கு முன்பே மெல்லிய ஹீட்டர் அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிருமாகக் காற்று வரும். ஓட்டுபவர் குளிரில் நடுங்கி ஒர்க்‌ஷாப்புக்குப் போவார். பெரிய கேடு வருமுன் மணல் பிடிபடும். சென்னையிலும் மதுரையிலும் யார் ஹீட்டர் போடுகிறார்கள்? மாதம் ஒருமுறை, என்ஜின் நன்றாகச் சூடானபின், ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். எல்லாத் துவாரத்திலும் ஒரேபோல் நல்ல சூட்டில் காற்று வரவேண்டும். வெதுவெதுப்பாக மட்டும் வந்தால், காற்று அடைப்பு இல்லையென்று உறுதிசெய்தபின், ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று சுட்டு, மற்றது ஆறியிருந்தால் உள்ளே அடைத்திருக்கிறது. டாஷ்போர்டு முள்ளை முழுக்க நம்பவேண்டாம். புது வண்டிகளில் அந்த முள் ஒரு பெரிய வெப்பவரம்பு முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பல சிறு கார்களில் முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான். ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவி ஒன்று இருந்தால் உண்மையான டிகிரி எண் கைப்பேசியில் தெரியும்.

இனி சுத்தம் செய்வது. நாம் பார்த்து வளர்ந்த ரேடியேட்டர் கடைகளில் எல்லாம் செம்பும் பித்தளையும். ஈயப் பற்றை உருக்கி மேல்தொட்டியைக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி, காஸ்டிக் சோடாத் தண்ணீரில் வேகவைத்து, மறுபடி பற்றவைத்துக் கொடுப்பார்கள். அருமையான கைவேலை. ஆனால் அந்த வைத்தியம் இன்றைய ரேடியேட்டருக்கு ஆகாது. இது அலுமினியம்; இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டியை மடித்து இறுக்கியிருக்கிறார்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். கழிவறை ஆசிட்டும் அப்படியே. "பவர்ஃபுல் ஃபிளஷ்" என்று யாராவது பாட்டிலைக் காட்டினால், அலுமினியத்துக்கு உகந்ததா என்று அதன்மேல் எழுதியிருக்கிறதா பாருங்கள். மணலுக்கு ரசாயனமே வீண்; எந்த ஃபிளஷ் திரவத்திலும் மணல் கரையாது. ஓட்டத்தால்தான் அதை வெளியேற்ற வேண்டும்.

ஓட்டத்தையும் முறையாகக் கொடுக்க வேண்டும். தெர்மோஸ்டாட் மூடியிருந்தால் நீர் ரேடியேட்டர் பக்கமே போகாது. ஆகவே கழுவும்போது மட்டும் அதைக் கழற்ற வேண்டும். பிளாக்கில் தனியாக வடிகால் திருகு இருந்தால் அதையும் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிமணல் அங்கேயே கிடக்கும். ஹீட்டரையும் ரேடியேட்டரையும் என்ஜினிலிருந்து பிரித்து, தனித்தனியாக, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், குறைந்த அழுத்தத்தில் நீர் விடவேண்டும். வந்த திசையில் தள்ளினால் மணல் இன்னும் இறுகும். வெளியேறும் நீரை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தால் எப்போது நிறுத்துவது என்று துணியே சொல்லும். கடைசிக் கழுவல் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். நிரப்பியபின் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும்; காற்றுக்குமிழ் சென்சார் இருக்குமிடத்தில் நின்றுகொண்டால் என்ஜின் கொதித்தாலும் கருவி குளிர்ச்சி என்றே காட்டும். கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டாமல் விடும் பழக்கம் நம்மூரில் வேரூன்றியிருக்கிறது. "நம்ம வெயிலுக்கு எதுக்கு சார் வால்வு?" என்பார்கள். அது ஏறத்தாழ 80, 90 டிகிரியில் திறந்து, அந்தச் சூட்டிலேயே என்ஜினை நிலைநிறுத்துகிறது. அது இல்லையென்றால் என்ஜின் ஆறியே ஓடி, பெட்ரோலைத் தின்னும், ஆயிலைக் கெடுக்கும். பல என்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் அதே வால்வுதான். அதை எடுத்துவிட்டால் சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். எதற்காகக் கழற்றினோமோ அதுவே வந்துசேரும்.

வடித்த கூலன்ட்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. தெருநாயும் குழந்தையும் சுவைத்துவிடும்; சிறுநீரகம் போய்விடும். கேனில் அடைத்து, கழிவை ஏற்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

எங்கள் வண்டிக்கு வருகிறேன். பொள்ளாச்சி அண்ணன் கையேட்டில் சொன்ன கூலன்ட்டையே குறைந்த அளவுக்கு ஊற்றினார். அதற்குமேல் கைவைக்க மறுத்துவிட்டார். "வாரண்டி இருக்குதுல்லீங்க, நான் பிரிச்சா அவங்க ஒத்துக்கமாட்டாங்க" என்று சொல்லி, அந்தப் படிவை ஒரு கண்ணாடி மருந்து பாட்டிலில் போட்டுத் தேதி எழுதி நண்பரிடம் கொடுத்தார். மக்கையும் படிவையும் போட்டோ எடுக்கச் சொன்னார். கூலியாக நூறு ரூபாய்க்குமேல் வாங்கவில்லை. மலையிறங்கியதுபோல் மெதுவாகவே கோவை வந்து சேர்ந்தோம். சர்வீஸ் சென்டரில் முதலில், வெயிலுக்கு இப்படி ஆகும், கூலன்ட் மாற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். நண்பர் பாட்டிலை மேசைமேல் வைத்தார். மேலாளர் வந்து பார்த்தார், தேய்த்தார், பேச்சு மாறியது. ரேடியேட்டரும் ஹீட்டர் கோரும் வாரண்டியில் மாறின. பிளாக்கை இரண்டுமுறை கழுவினார்கள். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் தற்காலிகமாக ஒரு வலை வைத்து, ஒவ்வொரு 500 கி.மீ. ஓடியபின்னும் எடுத்துப் பார்த்தார்கள். முதல்முறை அரை தேக்கரண்டி மணல், அடுத்தமுறை நான்கைந்து மணிகள், மூன்றாம் முறை எதுவும் இல்லை. அதன்பின் வலையை எடுத்துவிட்டார்கள்.

உங்கள் வண்டி புதியது என்றால் ஒரு நாள் காலை, என்ஜின் ஆறியிருக்கும்போது, பானெட்டைத் திறந்து ரிசர்வாயரின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதாவது படிந்திருந்தால், யாரையும் ஃபிளஷ் செய்ய விடுமுன் அதில் கொஞ்சம் எடுத்து பாட்டிலில் போட்டுக்கொள்ளுங்கள். சர்வீஸுக்கு விடும்போது "கூலன்ட்டில் படிவு இருக்கிறது" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, எழுதியபின் கையெழுத்துப் போடுங்கள்.